கணினியைத் தூக்கியெறியுமுன் கடிகாரத்தை எடுங்கள்!



“பள்ளிக் கணினிகள் ஆமை வேகத்தில் இருக்கின்றன. ஒரு செயலியைத் திறப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது. லினக்ஸைப் போட்டதால் வந்த வினை இது. எல்லாவற்றையும் கழித்துக் கட்டிவிட்டுப் புதியவை வாங்க வேண்டும்.”

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இப்படியொரு பேச்சு எழுவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். பேச்சு எழுந்த சூட்டோடு நன்கொடைச் சீட்டு அச்சாகிறது. விருந்து நிகழ்ச்சிக்கு நாள் குறிக்கப்படுகிறது. ஆனால் எவரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கே மிஞ்சி நிற்கிறது. “திறப்பதற்குச் சரியாக எத்தனை வினாடி ஆகிறது?”

எவருக்கும் தெரியாது. ஏனெனில், எவரும் அளக்கவில்லை. அளக்காமலேயே நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது, மருந்தும் எழுதியாகிவிட்டது, மருந்துக்கான பணத்தைப் பெற்றோர் தலையில் கட்டவும் ஏற்பாடாகிவிட்டது. இந்தப் போக்கை நான் வன்மையாக மறுக்கிறேன். இது கணினி வல்லுநர்களுக்காக எழுதப்படும் கட்டுரை அன்று. நன்கொடை கேட்கும் ஆசிரியர்களுக்கும் நன்கொடை தரும் பெற்றோர்களுக்கும் எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு இப்பொழுது மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் பொதுவாக நின்றன. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளையும், தன் பட்டியலில் இடம்பெறாத பழைய மையச் செயலகங்களையும் முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பல கணினிகளில் லினக்ஸ் ஏறியது. அது சரியான முடிவு. தவறு அதன்பின்தான் நேர்கிறது. நிறுவியதோடு கடமை முடிந்தது என்று கைகழுவிவிட்டு, சிறு தொல்லை தோன்றியதும் “பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே!” என்று கூறுகிறோம்.

நாம் கற்பிப்பது ஒன்று, செய்வது ஒன்று

நம் அறிவியல் பாடத்தில் என்ன கற்பிக்கிறோம்? உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், பரிசோதனை செய்தல். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று எழுதத் தெரியாத மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். “ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று” என்று கரும்பலகையில் கோடிட்டு எழுதுகிறோம்.

அதே பள்ளியின் கணினிக்கூடத்துக்குள் நுழைந்தவுடன் இவை அனைத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். கணினி பழுதுபார்ப்பவர் வருகிறார். ஒரே நாளில் இயங்குதளத்தை மாற்றுகிறார், பயனர் கணக்குகளை அழிக்கிறார், கோப்புகளைத் துடைக்கிறார், நினைவகத்தையும் கூட்டுகிறார். வேகம் வந்தவுடன் “லினக்ஸ்தான் குற்றவாளி” என்று தீர்ப்பு வாசிக்கிறோம். நான்கு மாறிகளை ஒருசேர மாற்றிவிட்டு ஒன்றன்மேல் பழியைப் போடும் விடைத்தாளுக்கு, ஆறாம் ஆண்டு மாணவன் எழுதியிருந்தால், நாம் எத்தனை மதிப்பெண் தருவோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையை “மந்தம்” என்று ஒரு சொல்லில் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அது அநீதி என்று உணர்ந்துதான் 2010இல் லினஸ் திட்டம் வந்தபோது, 12 கட்டமைப்புகளாகப் பிரித்து, பிள்ளை எந்தப் படியில் தடுக்கி நிற்கிறது என்று கண்டறியச் சொன்னார்கள். எழுத்து தெரியவில்லையா, அசை கூட்டத் தெரியவில்லையா, சொல் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லையா? தடுக்கிய படி தெரிந்தால்தான் குறைநீக்கல் நடக்கும். 1991இல் லினக்ஸின் கருநிரலை வெளியிட்டவரின் பெயரும் லினஸ் என்பது தற்செயல். ஆனால் அந்தத் திட்டத்தில் நாம் கற்ற பாடம் இங்கும் அப்படியே பொருந்தும். “மெதுவாக இருக்கிறது” என்பது அறிகுறி. அதை நோயின் பெயராக எழுதிவைக்கக் கூடாது.

நான்கு கேள்விகள்

ஒரு கைக்கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில். இவை போதும். செயலியின் படவுருவைச் சொடுக்கிய நொடியிலிருந்து அதன் சாளரம் திறந்து எழுத இடம் கொடுக்கும் வரை எத்தனை வினாடி என்று எழுதுங்கள். பிறகு இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. எல்லாச் செயலிகளும் தாமதமா, ஒன்று மட்டுமா?

2. கணினியை முடுக்கிய பின் முதல் முறை திறக்கும்போது மட்டும் தாமதமா, மூடிவிட்டு உடனே மறுமுறை திறந்தாலும் அதே தாமதமா?

3. புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் திறந்தாலும் தாமதமா?

4. காத்திருக்கும் நேரத்தில் கணினி உழைக்கிறதா, சும்மா இருக்கிறதா? பெட்டியின் முகப்பில் வன்தட்டுக்கான சிறு விளக்கு இருந்தால் அது இடைவிடாமல் மின்னுகிறதா என்று பாருங்கள். கணினியிலேயே உள்ள கண்காணிப்புச் செயலியில் மையச் செயலகத்தின் உழைப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

இந்த நான்குக்கும் விடை எழுதிவிட்டால் காரணத்தின் வீடு தெரியாவிட்டாலும் தெரு தெரிந்துவிடும். விடைகள் எங்கே இட்டுச் செல்கின்றன என்று பார்ப்போம்.

முதல் முறை மட்டும் தாமதம். விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது

இது வன்தட்டின் வேலை. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. தேவையான இடம் படிப்பானுக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். படிப்பான் நகர்ந்து வரும் நேரத்தையும் கூட்டினால் சிதறிக் கிடக்கும் தரவை வினாடிக்கு 80 முறை அளவில்தான் எடுத்துத் தர முடியும். ஒரு செயலி திறப்பதற்கு அங்கும் இங்குமாக 1,600 இடங்களைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை நீங்களே போடலாம்: 20 வினாடி.

மறுமுறை திறக்கும்போது அதே செயலி சட்டென்று வருகிறதே, அது எப்படி? படித்த கோப்புகளை லினக்ஸ் நினைவகத்தில் வைத்திருக்கிறது. தட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆகவே, முதல் முறை 20 வினாடியும் மறுமுறை 3 வினாடியும் ஆனால், மையச் செயலகத்தின்மேல் பழியில்லை; இயங்குதளத்தின்மேலும் பழியில்லை. சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி எனப்படும் சுழலாத் தட்டைப் பொருத்தினால் போதும். ஒரு கணினியின் விலையில் சிறு பங்குதான் அதற்கு ஆகும். அதற்கு முன்பு, வட்டின் உடல்நலத்தைச் சோதிக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் பாருங்கள். பழுதடைந்து வரும் தட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று நேரத்தை விழுங்கும்.

மறுமுறையும் தாமதம், விளக்கு மின்னுகிறது, வேறு செயலிகளும் தள்ளாடுகின்றன

நினைவகப் பற்றாக்குறை இருக்கலாம். நினைவகம் நிறைந்தால் லினக்ஸ் அதன் ஒரு பகுதியை ஸ்வாப் என்னும் மாற்றிடத்துக்கு, அதாவது தட்டுக்கு, நகர்த்துகிறது. பிறகு தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. சிறிய பெட்டியில் நூல்களை அடைத்துவைத்து, ஒன்றை எடுக்க மற்றொன்றை வெளியே வைப்பதைப் போன்ற வேலை. உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு எழுத்துச் செயலியைக் குறைகூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உள்ளது. ‘ஃப்ரீ’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் நினைவகக் கணக்கு வரும். அதில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியில் மிகச் சிறிய எண்ணைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற பத்தி. சும்மா கிடக்கும் நினைவகத்தில் கோப்புகளை வைத்திருப்பது லினக்ஸின் வழக்கம். ஒரு செயலி கேட்டவுடன் அந்த இடத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். முதல் பத்தியை மட்டும் காட்டி “நினைவகம் தீர்ந்துவிட்டது, வாங்குங்கள்” என்று சொல்பவரிடம் இரண்டாவது பத்தியைக் காட்டச் சொல்லுங்கள்.

எப்போதும் ஒரே அளவு தாமதம், விளக்கு மின்னவில்லை, மையச் செயலகமும் ஓய்வில் இருக்கிறது

இதுதான் என்னைச் சினம்கொள்ளச் செய்யும் வகை. கணினி உழைக்கவே இல்லை. யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. புதிய கணினி வாங்கி அதே அமைப்பை அதில் நகல் எடுத்தால், அதுவும் அதே அளவு காத்துக்கொண்டு நிற்கும்!

லினக்ஸ் மேசைத்தளத்தில் செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு டி-பஸ் என்னும் செய்திப் பாதை இருக்கிறது. ஒரு செயலி அதன்வழி ஒரு சேவையைக் கேட்டு, மறுமொழி வராவிட்டால், இயல்பாக 25 வினாடி காத்திருந்து பிறகு கைவிடும். மேசைத்தளச் சேவைகளுக்கு வாயிலாக நிற்கும் ‘போர்ட்டல்’ என்னும் நிரல் சரியாகத் தொடங்காமல் இருந்தால், பல செயலிகள் ஏறக்குறைய 25 வினாடி கழித்தே திறக்கும். ஒரே கணினியில் இரண்டு மூன்று மேசைத்தளங்களை நிறுவி, ஒன்றைப் பாதியில் நீக்கிய இடங்களில் இது நேரக்கூடியது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் 18 கணினிகளையும் மாற்றியாக வேண்டும் என்று பழுதுபார்க்க வந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறாம் ஆண்டு மாணவர் இருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்தோம். முதல் முறை 27, மறுமுறை 26, மூன்றாம் முறை 27. அடுத்த கணினியிலும் அதே எண்கள். வன்தட்டுக் கோளாறு இப்படிச் சீராக நடந்துகொள்ளாது. மறுமுறை குறைந்திருக்க வேண்டும். எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. பயனர் சேவைகளின் பதிவேட்டைப் படித்தபோது போர்ட்டல் தொடங்க முடியாமல் தோற்ற வரி தெளிவாக இருந்தது. தேவையற்ற மேசைத்தளத்தின் மிச்சத்தை முறையாக நீக்கியபின் 14 கணினிகளில் அதே செயலி 2 வினாடியில் திறந்தது. மற்ற நான்கில் வன்தட்டு உண்மையிலேயே பழுது. அவற்றுக்கு மட்டும் எஸ்எஸ்டி வாங்கினார்கள். பதினெட்டு எங்கே, நான்கு எங்கே!

இதே வகையில் வேறு சிலவும் உண்டு. கணினியின் பெயரை மாற்றிவிட்டு, ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் அந்தப் பெயரை எழுத மறந்தால், தன் பெயரையே இணையத்தில் தேடிக்கொண்டு கணினி நிற்கக் கூடும். பெயர் தேடும் நிரல் இயல்பாக ஒரு வழங்கியிடம் 5 வினாடி வீதம் இரண்டு முறை கேட்கும். என்றோ அகற்றப்பட்ட பிணைய அச்சுப்பொறியையும், இப்போது இல்லாத பிணையச் சேமிப்பகத்தையும் தேடி நிற்கும் கணினிகளும் உள்ளன. சோதிக்கும் வழி எளிது. பிணைய வடத்தைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். நேரம் மாறினால் காரணம் பிணையத்தின் பக்கம் இருக்கிறது. மாற்றியது ஒரே ஒரு மாறி! இதற்கும் மேல் துல்லியம் வேண்டுமென்றால் ‘எஸ்-டிரேஸ்’ என்னும் கருவி, செயலி கருநிரலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிக் காட்டும். எந்த வரியில் நேரம் தாவுகிறதோ அந்த வரியைப் படித்தால் போதும்.

ஒரு செயலி மட்டும், அல்லது ஒரு கணக்கில் மட்டும் தாமதம்

புதுப் பயனர் கணக்கில் வேகமாகத் திறந்தால் கணினிக்கு ஒரு குறையும் இல்லை. பழைய கணக்கின் அமைப்புகளில், சேர்க்கைகளில், பழுதான கோப்புகளில்தான் சிக்கல். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகிய இரண்டுமே சேர்க்கைகள் இன்றித் திறந்து பார்க்கும் பாதுகாப்பு முறையைக் கொண்டுள்ளன. அதைப் பயன்படுத்தாமல் வன்தட்டையே துடைத்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

தமிழாசிரியர்களாகிய நமக்கே உரிய தொல்லை ஒன்றும் இங்குண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு குறியாக்கம். ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கட்டாக எழுத்துருக்கள். அந்த நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை விரலியில் ஏற்றிப் பள்ளிக்குப் பள்ளி கொண்டுசெல்லும் பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. லினக்ஸில் எழுத்துருக்களை ஆராய்ந்து பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளும் வேலையை ‘ஃபான்ட்கான்ஃபிக்’ செய்கிறது. பட்டியல் இருந்தால் அடுத்த செயலி அதைப் படித்துவிட்டு நகரும். பட்டியல் இல்லாவிட்டால் எல்லா எழுத்துருக்களையும் மீண்டும் புரட்ட வேண்டும்.

இப்பொழுது பள்ளிக் கணினிக்கூடங்களின் வழக்கம் ஒன்றை இதனோடு பொருத்திப் பாருங்கள். மாணவர்கள் எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று, கணினியை அணைத்தவுடன் மாணவர் கணக்கு முழுவதும் அழிந்து, மறுநாள் புதிதாகத் தொடங்கும்படி சிலர் அமைக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் எழுத்துருப் பட்டியல், உலாவியின் அமைப்பு, செயலிகள் முதல் திறப்பில் உருவாக்கிக்கொண்ட கோப்புகள் எனக் கணக்குக்குள் சேர்ந்த யாவும் அதனோடு அழிந்துபோகின்றன. அந்தக் கணினிக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள். ஒவ்வொரு திறப்பும் முதல் திறப்பு. பள்ளி வருகைப் பதிவேட்டை ஒவ்வொரு மாலையும் கிழித்துப்போட்டுவிட்டு, காலையில் எல்லாப் பிள்ளைகளையும் புதிதாகச் சேர்க்கை செய்தால் பாடம் எப்போது தொடங்கும்? செயலிகளை ஒருமுறை திறந்து, தேவையான கோப்புகள் உருவான பின், அந்த நிலையை மாதிரியாக வைத்து, அழித்த பின் அதையே மீட்கும்படி அமைத்தால் காவலும் இருக்கும், வேகமும் இருக்கும்.

மந்திரக் கட்டளைகள்

சிலர் பணம் கேட்பதில்லை. மாறாக, எங்கிருந்தோ எடுத்த பத்துக் கட்டளைகளைக் கொடுத்து “இதை ஒட்டுங்கள், கணினி பறக்கும்” என்கிறார்கள். இவர்களால் வரும் கேடும் சிறிதன்று.

“நினைவகத்தைத் துப்புரவு செய்யும்” கட்டளை அவற்றுள் முதன்மையானது. அது செய்வது என்ன? படித்த கோப்புகளை நினைவகத்திலிருந்து விரட்டுகிறது. அதாவது, மறுமுறை 3 வினாடியில் திறக்க வேண்டிய செயலியை மீண்டும் 20 வினாடிக்குத் தள்ளுகிறது. அதை மணிக்கொருமுறை தானே இயங்கும்படி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தாமதத்தை ஒழிக்க வந்து தாமதத்துக்கே நேர அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள்!

அடுத்தது, ஸ்வாப் பகுதியை முற்றாக அணைக்கச் சொல்வது. நினைவகம் குறைந்த கணினியில் அதைச் செய்தால் தாமதம் போய், செயலி திடீரென்று கொல்லப்படும் நிலை வரும். மாணவன் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையும் அதனோடு போகும். இன்னும் சிலர் கணினி முடுக்க நேரத்தை அளக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அதில் வந்த சேவைகளை ஒவ்வொன்றாக முடக்கச் சொல்கிறார்கள். அந்தக் கட்டளை கணினி முடுக்கமடையும் நேரத்தைப் பற்றியது. செயலி திறக்கும் நேரத்தைப் பற்றியதன்று. காய்ச்சலுக்கு வந்த பிள்ளையின் காலணி அளவை எடுப்பது போன்ற வேலை அது.

லினக்ஸ் அன்பர்களுக்கும் ஒரு சொல்

“லினக்ஸ் ஒருபோதும் மெதுவாகாது, உங்கள் கணினிதான் பழையது” என்று மார்தட்டும் நண்பர்களையும் நான் விடப்போவதில்லை. அதுவும் அளக்காமல் சொல்லும் தீர்ப்பே.

உபுண்டு 19.10, 2019ஆம் ஆண்டில் குரோமியம் உலாவியை ஸ்னாப் என்னும் பொதிவடிவத்துக்கு மாற்றியது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04, ஃபயர்பாக்ஸையும் அவ்வாறே தந்தது. ஸ்னாப் பொதி சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும். திறக்கும்போது விரித்துப் படிக்க வேண்டும். பழைய கணினிகளில், குறிப்பாக முதல் திறப்பில், தாமதம் கண்கூடாகத் தெரிந்தது. பயனர்கள் முறையிட்டார்கள். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமே அந்தத் தாமதத்தை ஒப்புக்கொண்டு காரணங்களைத் தேடி, படிப்படியாகக் குறைத்தது. குரோமியத்துக்கு 2020இல் விரைவாக விரியும் வேறு சுருக்க முறையைக் கையாண்டது. 2020இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 20, ஸ்னாப்பைத் தானாக நிறுவவிடாமல் தடுத்தது. மொசில்லாவே 2024 ஜனவரியிலிருந்து உபுண்டு, டெபியன் ஆகியவற்றுக்கு ஃபயர்பாக்ஸின் வழக்கமான பொதியைத் தருகிறது.

இந்த வரலாறு என்ன சொல்கிறது? லினக்ஸ் உலகிலும் தாமதம் வந்தது, அதற்கும் காரணம் இருந்தது, தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள், பயனர்க்கு மாற்று வழியும் கிடைத்தது. “எங்கள் தளத்தில் குறையே இல்லை” என்று சொல்லியிருந்தால் ஒன்றும் சரியாகியிருக்காது. உலாவி மட்டும் தாமதமாகத் திறக்கிறது என்றால், அது எந்தப் பொதிவடிவத்தில் நிறுவப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கணினி பழையது என்னும் பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?”

ஆசிரியர்கள் கேட்பார்கள் என்று அறிவேன். பாடத்திட்டம், புறப்பாடம், கோப்புகள், இணையப் பதிவுகள் என்று நமக்கு மூச்சுவிட நேரமில்லை. உண்மை. ஆனால் நன்கொடை திரட்ட எத்தனை மாலைகள் செலவாகின்றன? முப்பது நிமிடப் பாடவேளையில் நான்கு செயலிகளைத் திறக்க, ஒவ்வொன்றுக்கும் 25 வினாடி காத்திருந்தால் 100 வினாடி போகிறது. அந்தப் பாடவேளை வாரம் ஒருமுறை என்றாலும், 40 வாரங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மாணவன் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். நான்கு கேள்விகளுக்கு விடை காண அரை மணி நேரம் போதும். அதையும் நாமே செய்ய வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கடிகாரத்தைக் கொடுங்கள். அட்டவணை வரைவார்கள், சராசரி காண்பார்கள், கருதுகோளும் எழுதுவார்கள். அறிவியலும் கணிதமும் தாமாகவே நடந்தேறும்.

“சில கணினிகள் உண்மையிலேயே பழையவைதானே?” என்றும் கேட்பீர்கள். ஆம், மறுக்கவில்லை. 1 ஜிபி நினைவகமும் 32 பிட் மையச் செயலகமும் கொண்ட கணினியில் இன்றைய உலாவியை ஓட்ட முயல்வது வீண். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவி வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. அத்தகைய கணினியைக் கழிப்பதில் தவறில்லை. ஆனால் “அளந்தோம், இன்ன காரணம், இதற்கு மேல் வழியில்லை” என்று எழுதிவிட்டுக் கழியுங்கள். காரணம் எழுதப்படாத கழிவு, பெற்றோர் பணத்தை எரிப்பதற்குச் சமம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் “கணினிகள் மெதுவாக உள்ளன, இத்தனை ஆயிரம் ரிங்கிட் வேண்டும்” என்று பேச்சு எழுந்தால், மரியாதையாக எழுந்து நின்று ஒரு தாளைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு கணினிக்கும் ஐந்து கட்டங்கள் இருக்கட்டும்: முதல் திறப்பு எத்தனை வினாடி, மறுதிறப்பு எத்தனை வினாடி, புதுக் கணக்கில் எத்தனை வினாடி, பிணைய வடமின்றி எத்தனை வினாடி, காத்திருக்கும்போது கணினி உழைத்ததா இல்லையா. தாள் நிரம்பி வந்தால் கொடுங்கள், மனமுவந்து கொடுங்கள். தாள் வெறுமையாக வந்தால் உங்கள் பணப்பையைத் திறக்காதீர்கள். அதைக் கேட்பதால் நீங்கள் பள்ளிக்குப் பகைவர் ஆகிவிட மாட்டீர்கள். பால் வெட்டியும் லாரி ஓட்டியும் சேர்த்த பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் நம் நூலைப் பார்த்துக் கற்பதைவிட நம்மைப் பார்த்துக் கற்பது அதிகம். பழுதானதைக் கண்டால் ஏன் என்று கேட்க வேண்டுமா, அல்லது தூக்கியெறிந்துவிட்டுப் புதியது கேட்க வேண்டுமா? கணினிக்கூடத்தில் நாம் செய்வதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாளை பள்ளிக்குச் செல்லும்போது கைக்கடிகாரத்தை மறக்காமல் கட்டிச் செல்லுங்கள். முதல் கணினியில் முதல் எண்ணை எழுதுங்கள். நன்கொடைச் சீட்டை அதற்குப் பிறகு அச்சடிக்கலாம்.